மஞ்சள் ஏறிய பதினான்காவது ட்ரே

அத்தியாயம் 4

நவரட்ணராஜா ஐயா சின்னப் பெட்டியொன்றை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு பல் வரிசை இருந்தது. பல் அல்ல, பல்லின் மேல் மாட்டும் உறை. கண்ணாடி போல இருக்க வேண்டிய சாமான். அது மஞ்சளாக இருந்தது. ஒரு பக்கம், வெயிலில் விட்ட ரப்பர் செருப்பு மாதிரி வளைந்தும் இருந்தது.

சுபாஜினி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். காப்புறுதிக் கம்பனியில் பதினொரு வருசம் விசாரணைப் பிரிவில் வேலை செய்தவள். இப்போது கண்டி டவுனில் ஒரு கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். அந்த நிலையத்தில் அவளைத் தவிர இருக்கும் ஒரே ஆள் ஃபாஸில். த்ரீவீல் ஓட்டுவதும் அவன்தான், உதவியாளனும் அவன்தான், கேட்காமல் கருத்துச் சொல்வதும் அவன்தான்.

“கொலைக் கேஸ் எண்டு நெனச்சி வந்தேன் மிஸ்,” என்றான் அவள் காதருகே. “பல்லு மட்டும்தான் மிஞ்சீக்கி.”

ஐயா காதில் அது விழவில்லை. அவர் காணி அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குண்டசாலையில் இந்த வீட்டைக் கட்டிப் பதினைந்து வருசம். அளந்து அளந்து பேசினார்.

விசயம் இதுதான். மகள் நிவேதிகாவுக்கு இன்னும் இருபத்துநாலு நாளில் கல்யாணம். பல் வரிசை நேராவதற்காக அலைனர் மாட்டுகிறாள். பத்து நாளைக்கு ஒரு ட்ரே. ஒவ்வொன்றும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். பதினான்காவது ட்ரே போன வியாழக்கிழமை இப்படியாகிவிட்டது. புதிது வரும்வரை பழைய பதின்மூன்றாவதை மாட்டிக்கொண்டு திரிகிறாள். பல் கொஞ்சம் பிந்தும். அவ்வளவுதான்.

ஆனால் பழி கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான மஹய்யாவவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த இராஜேஸ்வரி மேல் விழுந்தது. சுடுதண்ணீரில் கழுவிப் பழுதாக்கிவிட்டாள் என்று வெள்ளிக்கிழமை அவளை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டு, இந்தப் பெண்ணிடம் கவனம் என்று எழுதியும் ஆயிற்று. அதே ஒழுங்கையில் அவள் வேலை செய்த இன்னும் மூன்று வீடுகளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஒரு நாளில் நாலு வீடும் போயிற்று. பேரும் போயிற்று.

“அவ கேற்றிலை நிண்டு, சுடுதண்ணி நான் தொடேல்லை எண்டு ஒரே ஒருக்காச் சொன்னவ,” என்றார் ஐயா. “அண்டையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. எல்லைக்கல்லைப் பாக்காமல் நான் ஒருநாளும் கோடு கீறினதில்லை. பிழை அவவிலை எண்டால் எழுதித் தாங்கோ. எங்களிலை எண்டாலும் எழுதித் தாங்கோ.”

இராஜேஸ்வரி. மஹய்யாவ. அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டபோதே சுபாஜினிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஐயாவின் மனைவி இரஞ்சிதம் அம்மா நல்ல பீங்கான் கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்தார். முழங்கால் வருத்தத்தோடு மெதுவாக நடந்து வந்து, இருவருக்கும் தன் கையாலேயே தந்தார். பிறகு எதிரே அமர்ந்து, பிள்ளைக்கு எந்த இடம் என்று அன்பாகத்தான் கேட்டார்.

“நாவலப்பிட்டி,” என்றாள் சுபாஜினி.

யோசித்துச் சொல்லவில்லை. இருமல் வந்தால் கை தானாக வாய்க்குப் போகுமே, அப்படி வந்த சொல். நாவலப்பிட்டியில் அவளுக்கு ஓர் அத்தை இருந்தார். இரண்டு தரம் போயிருக்கிறாள். பிறந்து வளர்ந்தது மஹய்யாவவில், இராஜேஸ்வரியின் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில். அப்பா முப்பது வருசம் கண்டித் தெருக்களைக் கூட்டியவர். ஃபாஸிலுக்கு இது தெரியும். அவன் தன் தேநீருக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

இரஞ்சிதம் அம்மா மறைக்காமல் பேசினார். இராஜேஸ்வரிக்கு வளவு கூட்டுவது, இரண்டு குளியலறை, உடுப்புத் தோய்ப்பது மட்டும்தான் வேலை. குசினிக்குள் வரமாட்டாள். கேத்தலைத் தொடமாட்டாள். அவளுக்கென்று பின்பக்கம் தட்டும் டம்ளரும் வைத்திருக்கிறது. ஒரு குறையும் விட்டதில்லை. அன்றைக்குக் களவாகக் குசினிக்குள் போயிருக்க வேண்டும். மேலே மகள் எழுதி ஒட்டியிருக்கிறாளாம், சுடுதண்ணீர் கூடாது என்று; பழுதான பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு வாசிக்கத் தெரியாதே, பாவம்.

அந்தப் பாவம் என்ற சொல் சுபாஜினியின் தேநீரைக் கசக்கச் செய்தது. ஆனாலும் குடித்து முடித்தாள்.

நிவேதிகா அவர்களை மாடிக்கு அழைத்துப் போனாள். அவளுடைய குளியலறைக் கண்ணாடியில் ஒரு தாள். பச்சைத்தண்ணீர் மட்டும். மெதுவான பிரஷ். நிறமில்லாத சவர்க்காரம். பற்பசை வேண்டாம், கீறும். மாட்டிக்கொண்டு தேநீர் குடிக்காதே. கழற்றினால் பெட்டியில் போடு, டிஷூவில் சுற்றாதே. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: சுடுதண்ணீர் கூடவே கூடாது.

“எல்லாம் எனக்காகத்தான் எழுதினனான்,” என்றாள். அவள் முகம் சிவந்தது. “நானே கேக்கிறதில்லை.”

சாப்பிடும்போது கழற்றி டிஷூவில் சுற்றி மேசையில் வைப்பாளாம். யாராவது அதைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். போன மாதமும் அப்படிக் குசினி வாளிக்குள் போய்விட்டது. அப்பா கையை விட்டு எடுத்து, குழாயில் பிடித்து, உதறித் தந்தார். அப்படியே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். வியாழக்கிழமையும் அவசரத்தில் டிஷூவை மேசையில் விட்டுவிட்டு வங்கிக்கு ஓடினாள். மாலையில் வந்தபோது அம்மா பெட்டியைக் கொடுத்தார். திறந்தால் இந்தக் கோலம்.

அம்மா மாடிக்கு வருவாரா என்று சுபாஜினி கேட்டாள். முழங்கால் வருத்தம் வந்தபிறகு, தைப்பொங்கலுக்குப் பின்னால், ஒரு தரம்கூட ஏறியதில்லை என்றாள் நிவேதிகா.

த்ரீவீலில் ஏறியதும் ஃபாஸில் கேட்டான், “நாவலப்பிட்டிக்கா மிஸ் போற? ரெண்டு மணித்தியாலம் ஓடும்.”

“டவுனுக்குப் போ.”

அவன் போனான்.

ஃபாஸிலின் சாச்சா மகள் ஷஹ்மா டவுனில் ஒரு பல் வைத்தியரிடம் தாதியாக இருந்தாள். சுபாஜினி கொண்டுபோன ட்ரேயை இடுக்கியால் எடுத்து விளக்கின் கீழ் பிடித்தாள். பெரிய கருவி ஒன்றும் எடுக்கவில்லை. அவளுக்குக் கண்ணே போதும்.

குழாய்த் தண்ணீரில் இப்படி ஆகாது என்றாள். குளியலறை ஹீட்டர் தண்ணீரில் கொஞ்சம் தளரும், இப்படிச் சுருளாது. இது கொதித்த தண்ணீர்.

“மஞ்சள்?” என்றாள் சுபாஜினி. “மாட்டிக்கிட்டே கறி சாப்பிட்டிருந்தா?”

“கறி எண்டா கடிக்கிற பக்கம்தான் புடிக்கும். எண்ணெயும் நிக்கும். பாருங்க.” ஷஹ்மா ஒரு வெள்ளை டிஷூவால் துடைத்துக் காட்டினாள். எண்ணெய்க் கறை இல்லை. “உள்ளுக்கும் வெளியிலும் ஒரே மாதிரி ஏறீக்கி. மஞ்சள் போட்ட தண்ணில ஊற வெச்சீக்காங்க.”

பிறகு ட்ரேயின் ஓரத்தைக் காட்டினாள். உள்பக்கம் ஒரு சின்னப் பள்ளம். அதற்கு நேரே வெளிப்பக்கம் இன்னொன்று. ட்ரே இளகியிருந்தபோது இடுக்கியால் கவ்வித் தூக்கிய தடம்.

“ட்ரேய வெச்சி ரசம் வெச்சீக்காங்க,” என்றான் ஃபாஸில்.

ஷஹ்மா சிரித்தாள். சுபாஜினியால் சிரிக்க முடியவில்லை.

அவளுக்கு அந்தத் தண்ணீரைத் தெரியும். பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனாள். அப்பா ஒரு வீட்டில் அடைபட்ட கழிவுநீர்க் கானை எடுத்துக் கொண்டிருந்தார். வேலை முடிந்து இருவரும் கேற்றைத் தாண்டியதும் பின்னால் தண்ணீர் விழும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டு அம்மா ஒரு செம்பிலிருந்து அப்பா நின்ற படியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீர். அப்பா திரும்பவில்லை. அவருக்குத் தெரிந்துதான் திரும்பவில்லை என்பது விளங்க அவளுக்கு இன்னும் சில வருசம் பிடித்தது.

“கேஸ் முடிஞ்சி,” என்றான் ஃபாஸில் வெளியே வந்ததும். “கேத்தல், மஞ்சள், இடுக்கி. மூணும் குசினில. குசினிக்குள்ள போகாத ஆள் யாரெண்டு அந்த அம்மாவே சொல்லீட்டாங்க.”

“முடியல. அவங்க எதுக்கு அவிச்சாங்கன்னு கேட்டா ஒரு நல்ல காரணம் சொல்வாங்க. அந்தக் காரணத்தையும் உடைக்கணும்.”

“அப்ப மஹய்யாவ போவோமா?”

அவள் பதில் சொல்லாததை அவன் ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

அம்மா செத்த பிறகு சுபாஜினி கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துப் போய்விட்டாள். ஆறு வருசமாகத் தினமும் பஸ்ஸில் மஹய்யாவவைத் தாண்டிப் போகிறாள். அந்த இடம் வரும்போது கைப்பைக்குள் ஏதாவது தேடுவாள். இன்றைக்குத் தேட ஒன்றுமில்லை. இறங்கி நடந்தாள். வரிசையாக வீடுகள், நெருக்கமாகக் கொடியில் துணிகள். பெயர் சொல்லி இரண்டு பேர் கூப்பிட்டார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இராஜேஸ்வரி வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வா சுபா. ஐயா போன் போட்டாரு. சுபாஜினி மிஸ் வருவாங்க, உள்ளத மறைக்காமச் சொல்லுன்னாரு.” கீரைத் தண்டை ஒடித்தாள். “அங்க எந்த ஊருன்னு சொன்ன?”

சுபாஜினி நின்றாள்.

“நாவலப்பிட்டியா? ஒங்க அத்தை ஊரு அதானே.” அவள் குரலில் கோபம் இல்லை. “சரி கேளு. வந்த வேலையப் பாரு.”

இராஜேஸ்வரி சொன்னதை இப்படிச் சுருக்கலாம். வியாழக்கிழமை காலை பின்பக்கத்தில் குப்பையை உக்குவது வேறு, உக்காதது வேறாகப் பிரித்தாள். அந்த ஒழுங்கையில் மற்றவர்கள் வாளியை அப்படியே பையில் கொட்டிக் கட்டிவிடுவார்கள். இவள் கட்டமாட்டாள். அள்ளுகிற ஆட்களில் பாதிப் பேர் இவளுடைய சொந்தக்காரர்கள். கண்ணாடி ஓடு கையைக் கிழிக்கும் என்று இவளுக்குத் தெரியும். அப்படிப் பிரிக்கும்போது டிஷூ ஒன்று கனமாக இருந்தது. அவிழ்த்தால் பாப்பாவின் பல் உறை. பச்சைத்தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, துணி தோய்க்கும் கல்லில் படாமல், விரலால் மட்டும் கழுவினாள்.

ஏன் பச்சைத்தண்ணீர் என்று சுபாஜினி கேட்டாள்.

“கண்ணாடியில ஒட்டியிருக்கே. தெனம் அந்தக் கண்ணாடிய நாந்தானே தொடைக்கிறேன்.” ஒட்டியிருந்ததை வரி பிசகாமல் ஒப்பித்தாள். கடைசி வரிக்கு இரண்டு கோடு என்பதையும் சொன்னாள்.

“ஒனக்கு வாசிக்கத் தெரியாதுன்னாங்க.”

“மகன் ஆறாம் வகுப்புப் படிக்கிறப்ப அவன் புத்தகத்துல கத்துக்கிட்டேன். முப்பத்தஞ்சு வயசுல. அந்த வீட்டுல சொல்லல. தெரியும்னா மேசையில கடதாசிய வெக்க யோசிப்பாங்க.”

கழுவியதைக் குசினி வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டினாள். இரஞ்சிதம் அம்மா கையில் வாங்கவில்லை. படியில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். கொடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது குசினி ஜன்னலில் ஆவி அடித்தது. மஞ்சள் வாசமும் வந்தது.

“இத ஏன் அன்னிக்கே சொல்லல?”

இராஜேஸ்வரி கீரையை வைத்துவிட்டு அவளை நேரே பார்த்தாள்.

“என்னன்னு சொல்றது? என் கை பட்டதால அவிச்சாங்கன்னு, நானே என் வாயால, அத்தன பேருக்கு முன்னால சொல்லணுமா? சுடுதண்ணியில கழுவுன முட்டாள்னு போறது அதவிடப் பரவால்ல போல இருந்திச்சு. வீட்டுக்கு வந்த பொறகுதான் நாலு வீடும் போச்சேன்னு ஒறைச்சது.”

சுபாஜினிக்கு அந்தப் படி நினைவு வந்தது. அப்பா திரும்பாமல் நடந்தது நினைவு வந்தது. தானும் அதே நடையைத்தான் நடக்கிறாள். ஆனால் அப்பா ஊரை மாற்றிச் சொன்னதில்லை.

மாலை நாலு மணிக்குக் குண்டசாலை வீட்டில் வீட்டார் மூவரும் முன் அறையில் கூடியிருந்தார்கள். சுபாஜினி பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். கொதித்த தண்ணீர் என்றாள். மஞ்சள் என்றாள். இடுக்கித் தடத்தைக் காட்டினாள். வாசிக்கத் தெரியாதவள் என்று அவர்கள் சொன்ன இராஜேஸ்வரி அந்தத் தாளை மனப்பாடமாகச் சொல்வதையும் சொன்னாள். இந்த வீட்டில் நாலு பேரில் மூன்று பேர் அந்தத் தாளைப் பார்த்தவர்கள். பார்க்காத ஆள் ஒருவர்தான். மாடிப்படி ஏற முடியாதவர்.

ஐயா மனைவியைப் பார்த்தார். நிவேதிகாவும் பார்த்தாள்.

இரஞ்சிதம் அம்மா மறுக்கவில்லை. கொஞ்சம் நேராக அமர்ந்துகொண்டார்.

“ஓம், நான்தான் அவிச்சனான். பழுதாகுமெண்டு தெரியாது. குப்பை வாளிக்குள்ளை கிடந்த சாமான். பிள்ளை வாயிலை போடுறது. கிருமி போகட்டும் எண்டு மஞ்சள் போட்டு அவிச்சன். எந்தத் தாயும் செய்வா. பிறகு பிள்ளை அழுதாப்போலை எனக்குச் சொல்ல வெக்கமாப் போச்சு. பழி அவவிலை விழுந்திட்டுது.”

நல்ல காரணம்தான். ஐயாவின் தோள் இறங்கியது. அறையே ஒரு மூச்சு விட்டது. தாய்ப் பாசத்தில் செய்த பிழை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஐயா அறிக்கையில் அப்படியே போடச் சொல்லிக் கேட்கவும் தொடங்கிவிட்டார்.

“இல்லை ஐயா,” என்றாள் சுபாஜினி. “குப்பைக்காக அவிக்கவில்லை.”

அவள் ஐயாவின் பக்கம் திரும்பினாள்.

“போன மாதமும் இதே ட்ரே மாதிரி ஒன்று இதே வாளிக்குள்தான் கிடந்தது. நீங்கள் கையை விட்டு எடுத்தீர்கள். குழாயில் பிடித்தீர்கள். உதறிக் கொடுத்தீர்கள். நிவேதிகா அப்படியே வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு இந்த வீட்டில் யாரும் கேத்தல் வைக்கவில்லை. வாளி ஒன்றுதான். குப்பை ஒன்றுதான். எடுத்த கை மட்டும்தான் வேறு.”

“அம்மா பக்கத்திலைதான் நிண்டவ,” என்றாள் நிவேதிகா மெதுவாக. “அப்பாவைப் பாத்துச் சிரிச்சவ.”

ஐயா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார். எல்லைக்கல் எங்கே கிடக்கிறது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. தன் வீட்டுக் குசினிப் படியில் பதினைந்து வருசமாகக் கிடந்திருக்கிறது. அவரும் தினமும் தாண்டித்தான் போயிருக்கிறார்.

இரஞ்சிதம் அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். குரல் மிகச் சின்னதாக வந்தது.

“வாயிலை போடுற சாமானல்லோ. மனம் கேக்கேல்லை.” சுபாஜினியைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. “நீங்கள் நாவலப்பிட்டியிலை நல்ல குடும்பத்துப் பிள்ளை. உங்களுக்கு விளங்கும்தானே?”

இதுதான் இடம். ஃபாஸில் கதிரை நுனிக்கு வந்துவிட்டான். சுபாஜினி வாயைத் திறந்தாள். பதினொரு வருசம் காப்புறுதிக் கம்பனியில் பெரிய பெரிய ஆட்களை மடக்கிய வாய் அது.

“அறிக்கையை நாளைக்குத் தருகிறேன்,” என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

த்ரீவீல் பாலத்தைத் தாண்டும்வரை ஃபாஸில் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

“அந்த அம்மா ட்ரேய அவிச்சாங்க,” என்றான் பிறகு. “நீங்க ஒங்கட ஊரையே அவிச்சிட்டீங்க மிஸ்.”

சுபாஜினி கண்ணாடியில் அவன் தன் முகத்தைப் பார்க்காதபடி ஓரமாக நகர்ந்து அமர்ந்தாள்.

அன்று இரவே வட்ஸ்அப் குழுவிலிருந்து படம் அழிந்தது. தவறுதலாகப் போட்டோம், இராஜேஸ்வரி மேல் குற்றமில்லை என்று நிவேதிகா எழுதினாள். பதினொரு பேர் கட்டை விரல் போட்டார்கள். ஐயா இராஜேஸ்வரிக்குப் போன் எடுத்து வரச் சொன்னார். அவள் கொடுத்த பதிலைச் சுபாஜினிக்கும் ஐயாதான் சொன்னார். போனில் தன்னை விரட்டவில்லையாம். வெள்ளிக்கிழமை காலை ரொட்டி விற்கிற பாண் வண்டி வந்து, ஒழுங்கையே வெளியில் நின்ற நேரத்தில், கேற்றுக்கு முன்னால் நிறுத்திச் சத்தமாகச் சொல்லித்தான் விரட்டினார்களாம். பழுதாக்கியது இராஜேஸ்வரி இல்லை என்பதையும் விரட்டியவர்களே அந்த நேரத்தில், அந்த இடத்தில் சொல்லட்டும். வேறு ஒன்றும் வேண்டாம். சுபாஜினியும் வந்து நிற்க வேண்டும்.

காலை ஆறரைக்குப் பாண் வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. ஐந்தாறு பேர் பையோடு வந்தார்கள். அதில் இராஜேஸ்வரியை நிறுத்திய மூன்று வீட்டு அம்மாமாரும் இருந்தார்கள். ஃபாஸிலின் த்ரீவீலில் இருந்து இராஜேஸ்வரி இறங்கி நடு ஒழுங்கையில் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். சுபாஜினி வண்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

இரஞ்சிதம் அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பின்னால் ஐயாவும் மகளும். ஐயா கையை உயர்த்தினார். பாண்காரர் பாட்டை நிறுத்தினார். பாட்டு நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெள்ளிக்கிழமை இந்த இடத்திலை நான் இவவைப் பற்றிச் சொன்னது பொய்,” என்றார் இரஞ்சிதம் அம்மா. “பிள்ளையின்ரை ட்ரேயைப் பழுதாக்கினது நான். இவ அதைக் குப்பையிலையிருந்து எடுத்துக் கழுவித் தந்தவ.”

இராஜேஸ்வரி கேட்டது அவ்வளவுதான். நிறுத்தியிருக்கலாம். இரஞ்சிதம் அம்மா கேற்றை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இவவின்ரை கை பட்டதெண்டுதான் நான் அதை மஞ்சள் போட்டு அவிச்சனான்.”

பையோடு நின்றவர்களில் ஒருவர்கூட, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். கேட்காததிலிருந்துதான் தெரிந்தது, அந்த ஒழுங்கையில் இன்னும் எத்தனை குசினியில் அந்தத் தண்ணீர் கொதிக்கிறது என்று.

சுபாஜினியின் கால் தானாக நடந்து முன்னுக்கு வந்தது.

“நான் நாவலப்பிட்டி இல்லை அம்மா,” என்றாள். “மஹய்யாவ. இராஜேஸ்வரி வீட்டுக்கு மூன்றாவது வீடு. எங்கள் அப்பா தெருக் கூட்டினவர். நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். நேற்றும் சொல்லாமல் போனேன்.”

இரஞ்சிதம் அம்மாவின் வாய் கொஞ்சம் திறந்து மூடியது. கோபமில்லை. தான் செய்த களவை இன்னொருவர் கையிலும் கண்டால் வருகிற முகம் அது.

மூன்று அம்மாமாரில் ஒருவர் இராஜேஸ்வரியின் பக்கத்தில் போய், திங்கட்கிழமை வரமுடியுமா என்று மெதுவாகக் கேட்டார். யோசித்துச் சொல்வதாக இராஜேஸ்வரி சொன்னாள். நவரட்ணராஜா ஐயா ஏதோ சொல்ல வந்தார். அவரைப் பார்த்து ஒரு தரம் தலை அசைத்தாள். அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. த்ரீவீலில் ஏறி அமர்ந்தாள்.

சுபாஜினி பக்கத்தில் ஏறப் போனாள். இராஜேஸ்வரி நகர்ந்து இடம் விடவில்லை.

“நீ சொல்றதுக்கு, அவங்க மொதல்ல சொல்ல வேண்டியிருந்திச்சா சுபா?”

சுபாஜினியின் கை வண்டியின் கம்பியில் இருந்தது. எடுத்தாள்.

“இன்னிக்கு நான் தனியாப் போறேன். நீ பொறகு வா.”

ஃபாஸில் திரும்பிச் சுபாஜினியைப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். பாண்காரர் பாட்டைப் போடாமலே பின்னால் போனார். பைகள் ஒவ்வொன்றாகக் கேற்றுகளுக்குள் மறைந்தன. நிவேதிகா அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ஒழுங்கையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரஞ்சிதம் அம்மா கேற்றுக்கு உள்ளே. சுபாஜினி வெளியே. இருவருக்கும் பார்க்க இடம் இல்லாமல் ஒரே தரையைப் பார்த்தார்கள்.

“பஸ் எடுக்கிறதெண்டால் அந்தச் சந்திக்குத்தான் போகவேணும்,” என்றார் இரஞ்சிதம் அம்மா கடைசியில். கையை நீட்டித் திசையும் காட்டினார்.

உள்ளே வாங்கோ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சுபாஜினி போயிருக்கமாட்டாள். சரி அம்மா என்று சொல்லிவிட்டு, காட்டிய பக்கம் நடந்தாள்.